உடையாத குவளையும் விற்பனையாகும் நினைவும்
கிழக்கு ஜேர்மனிய வடிவமைப்பின் மறுவாழ்வு பற்றிய சில சிந்தனைகள்

நினைவேக்கம் என இக்கட்டுரையிலே குறிக்கப்படுவது, ஈழத்து எழுத்தில் நனவிடை தோய்தல் என வழங்கிவரும் உணர்வுநிலைக்கு அணித்தான ஒன்றாகும். ஆயினும் இரண்டிற்குமிடையே வேறுபாடு உண்டு. நனவிடை தோய்பவர் தாம் வாழ்ந்த வாழ்வையே நினைவில் மீட்கிறார். இன்று உலகச் சந்தையிலே பல்வேறு உருவங்களில் விற்கப்படும் நினைவேக்கமோ, வாங்குபவர் ஒருநாளேனும் வாழ்ந்தறியாத காலத்தையும் அவருக்கு உரிமையாக்கித் தருவதாகக் கூறுகின்றது. பழைய வானொலிப் பெட்டியின் வடிவம், வழக்கொழிந்த பானமொன்றின் முகப்புச் சீட்டு, மறைந்துபோன அரசொன்றின் இலச்சினை ஆகியன யாவும் இவ்வகையிலே பண்டங்களாகியுள்ளன. 1688ஆம் ஆண்டிலே பாசல் நகரில் ஜொஹானஸ் ஹோஃபர் என்ற இளம் மருத்துவர் தமது ஆய்வேட்டில் இக்கருத்துக்குரிய ஐரோப்பியச் சொல்லை ஆக்கியபோது, அது ஒரு நோயின் பெயராகவே இருந்தது. வீடு திரும்புதல், வேதனை என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, தாயகம் விட்டு நீங்கியோரைப் பீடிக்கும் நோய்க்கு அவர் பெயரிட்டார். வீடு திரும்புதலே அந்நோய்க்கு மருந்து எனக் கருதப்பட்டது. நோயாகக் கருதப்பட்ட ஒன்று விற்பனைப் பொருளாக மாறியமைக்குப் பின்னால் உள்ள சமூக வரலாறு தனியே ஆராயத்தக்கது. இங்கு அதன் ஒரு கூறினை மாத்திரம் எடுத்துக்கொள்ளலாம்.

அக்கூறு, ஜேர்மன் ஜனநாயகக் குடியரசு பற்றியது. கிழக்கு என்பதற்குரிய ஜேர்மன் சொல்லையும் நினைவேக்கத்தைக் குறிக்கும் சொல்லையும் ஒட்டி, 1990களின் முற்பகுதியிலே 'ஒஸ்டல்கி' என்றொரு புதுச்சொல் அந்நாட்டில் வழக்கிற்கு வந்தது. ஹோஃபர் கூறிய மருந்து இங்கே பயன்படாது. 1990 ஒக்டோபர் 3ஆம் நாள் அந்த அரசு இல்லாதொழிந்தது. மக்கள் இருந்த இடத்திலேயே இருக்க, வீடு அவர்களை விட்டு நீங்கிற்று. இலங்கை 1970இல் முழுமையான இராசதந்திர அங்கீகாரம் வழங்கிய அவ்வரசு பற்றி நம்மிடையே முற்போக்கு வட்டாரங்களில் அக்காலத்தில் நிறையவே பேசப்பட்டது. அது மறைந்த பின்னர் அதன் பொருள்களுக்கு நேர்ந்தது பற்றி ஏறத்தாழ எதுவும் பேசப்படவில்லை என்பது நமது விமரிசன மரபின் குறைபாடுகளுள் ஒன்று.

ஒஸ்டல்கி பற்றிய விளக்கங்கள் பொதுவாக இரு திறத்தன. சர்வாதிகாரத்தின் கொடுமையை மறந்தவர்களின் பலவீனம் அது என்பது தாராண்மைவாதிகளின் கூற்று. மறைந்த சமதர்மத்துக்கு மக்கள் தமது மனத்திலே எழுப்பிய நினைவுச்சின்னம் என்பது இடதுசாரிகள் சிலரின் ஆறுதல். இரண்டும் மனத்தை மட்டுமே நோக்குகின்றன. மனம் பற்றிக்கொண்டிருக்கும் பொருள் எவ்வாறு ஆக்கப்பட்டது, எவ்வாறு பயன்பட்டது, எத்தகைய உற்பத்தி உறவுகளுள் அது பிறந்தது என்ற வினாக்களை இவை எழுப்புவதில்லை. பொருளிலிருந்தே தொடங்குவது பயன்தரும் எனத் தோன்றுகிறது. அதற்கு ஒரு பியர்க் குவளை போதும்.

கண்ணாடி ஏன் உடைகிறது? அதன் மேற்பரப்பிலே கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய வெடிப்புகள் இருக்கின்றன. அடி விழும்போதோ, வெப்பம் சடுதியாக மாறும்போதோ இழுவிசை அவ்வெடிப்புகளை அகலப்படுத்த, கண்ணாடி பிளந்துவிடுகின்றது. 1970களிலே கிழக்கு ஜேர்மனியின் விஞ்ஞானிகள் இதற்கு ஒரு மாற்றுவழியைக் கைத்தொழில் அளவிலே நடைமுறைப்படுத்த முயன்றனர். உருகிய பொற்றாசிய உப்பிலே கண்ணாடியை உயர் வெப்பநிலையில் வைத்திருக்கும்போது, அதன் மேற்பரப்பிலுள்ள சோடியம் அயன்கள் வெளியேற, அவற்றினும் பருமனான பொற்றாசியம் அயன்கள் அவ்விடங்களில் நெருக்கியமர்கின்றன. இந்நெருக்கத்தால் மேற்பரப்பு முழுவதும் அமுக்க நிலைக்கு உள்ளாகிறது. நுண்வெடிப்புகள் அகலுவதற்கு இடமின்றிப் போகிறது. இம்முறைக்கான காப்புரிமை விண்ணப்பம் 1977இல் அளிக்கப்பட்டது. 1980 முதல் சாக்சனி மாநிலத்திலுள்ள ஷ்வெப்னிற்ஸ் என்ற சிற்றூரின் தொழிற்சாலையிலே குவளைகள் பெருந்தொகையாக உற்பத்தியாகின. பின்னர் அவற்றுக்கு 'சூப்பர்ஃபெஸ்ட்' என்ற பெயர் வழங்கிற்று. 'மிக உறுதியானது' என்பது அதன் பொருள்.

போல் பிட்னரும் அவருடைய சக வடிவமைப்பாளர்களும் இக்குவளைக்கு அளித்த வடிவம் கூர்ந்து நோக்கத்தக்கது. கீழ்ப்பகுதி சற்றே ஒடுங்கி, மேற்பகுதி நேராக நிமிர்ந்து நிற்கிறது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கலாம். சுவர் மெல்லியது, ஆகவே எடை குறைவு, மூலப்பொருட் செலவும் குறைவு. உணவகத்திலே நாள் முழுவதும் குவளைகளைச் சுமக்கும் பணியாளரின் கையையும், கழுவுமிடத்தின் நெரிசலையும் மனத்திற்கொண்டு அமைக்கப்பட்ட வடிவம் அது. அலங்காரம் எதுவுமில்லை. வேலை செய்பவரின் நோக்கிலிருந்து ஒரு பொருளை அணுகினால் அதன் அழகு எங்கிருந்து பிறக்கும் என்பதற்கு இதனினும் எளிய எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பத்தாண்டுகளில் ஏறக்குறைய 12 கோடிக் குவளைகள் உற்பத்தியாகின. வெளிநாட்டுச் செலாவணி தேவைப்பட்ட அவ்வரசு இவற்றை மேற்கு நாடுகளிலும் விற்க முனைந்தது. அங்கு வரவேற்புக் கிட்டவில்லை. காரணம் மிகத் தெளிவானது. கண்ணாடி வணிகத்தில் ஈடுபட்டோருக்கு உடைவு என்பது வருமானம். ஒருமுறை விற்றுப் பல ஆண்டுகளுக்கு மறுபடி விற்க வழியில்லாத குவளையை வரவேற்க அவர்களுக்கு எந்த நியாயமும் இருக்கவில்லை. 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் உற்பத்தி நின்றது. இன்று அதே குவளைகள் பழம்பொருள் வணிகர்களிடம் விற்பனையாகின்றன. அவை இன்றும் விற்கப்படக்கூடியனவாக எஞ்சியிருப்பதற்குக் காரணம் அவை உடையாமையே என்பது இவ்விடத்திலே மனங்கொள்ளத்தக்கது.

தனியொரு குவளையின் தோல்வியைப் பொது விதியாக்குகின்றோமோ எனச் சிலர் ஐயுறலாம். 1924ஆம் ஆண்டின் இறுதியிலே ஒஸ்ராம், பிலிப்ஸ் முதலாய மின்குமிழ் உற்பத்தியாளர்கள் ஜெனீவாவிலே ஃபீபஸ் என்ற பெயரில் அமைத்த கூட்டு, மின்குமிழின் ஆயுளை 1000 மணித்தியாலத்துக்கு வரையறுத்தது. அதனினும் நீண்ட காலம் எரியும் குமிழ்களை ஆக்கியோருக்குத் தண்டம் விதித்தது. இது பதிவாகியுள்ள வரலாறு. பயன்மதிப்புக்கும் பரிவர்த்தனை மதிப்புக்கும் இடையிலான முரண்பாடு 'மூலதனம்' நூலின் முதலாம் தொகுதியின் முதற்பக்கங்களோடு முடிந்துபோகும் கோட்பாட்டு நுணுக்கமன்று. அது மின்குமிழின் இழையிலும் குவளையின் மேற்பரப்பிலும் தொழிற்படுகின்றது. மேற்கு பேர்லினில் வாழ்ந்த மெய்யியலாளர் வொல்ஃப்காங் ஃபிறிற்ஸ் ஹௌக் 1971இல் வெளியிட்ட பண்ட அழகியல் பற்றிய நூலிலே இதன் மறுபக்கத்தை விளக்கினார். விற்பனையின் பொருட்டுப் பண்டத்தின் புறத்தோற்றம் பயன்மதிப்பிலிருந்து பிரிந்து, பயன் பற்றிய வாக்குறுதியாகத் தனித்து இயங்கத் தொடங்குகிறது என்பது அவரது முடிபு. தோற்றம் புதுப்பிக்கப்படும்போது, இன்னும் பயன்தரக்கூடிய பொருள் பழையதாகிவிடுகிறது. நினைவேக்கச் சந்தையை ஹௌக் அப்போது கண்டிருக்க முடியாது. பழையதாக்கப்பட்ட தோற்றமே மீண்டும் புதியதாக விற்கப்படும் இக்கட்டம் அவருடைய தருக்கத்தின் நேரடித் தொடர்ச்சி எனலாம்.

இடைக்குறிப்பாக ஒன்று. அயன் மாற்றத்தால் கண்ணாடியை வலுப்படுத்தும் கோட்பாடு கிழக்கு ஜேர்மனிக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனம் 1960களிலேயே அதனைக் கையாண்டது. 2007க்குப் பின்னர் அக்கோட்பாட்டின்படி அமைந்த கண்ணாடியே கைத்தொலைபேசிகளின் திரையாகியது. திரை நிலைத்து நிற்கின்றது. அது மூடியிருக்கும் கருவியோ சில ஆண்டுகளுள் கழிக்கப்படுகின்றது.

எனினும் கிழக்கு ஜேர்மனிய வடிவமைப்பை ஒரு பொற்காலமாகச் சித்திரிப்பது வரலாற்றுக்கு முரணானது. 1951இல் அங்கு எழுந்த உருவவாத எதிர்ப்பு இயக்கத்தின்போது, பௌஹவுஸ் மரபு மக்களுக்கு அந்நியமானது எனக் கட்சியினரால் கண்டிக்கப்பட்டது. அம்மரபைச் சேர்ந்த மார்ற் ஸ்ராம் பேர்லின் வைசன்சே கலைக்கல்லூரியின் தலைமையிலிருந்து நீக்கப்பட்டார். டெசௌவிலுள்ள பௌஹவுஸ் கட்டடம் 1976இலேதான் புதுப்பிக்கப்பட்டது. வடிவத்தின் எளிமை தொழிலாளி வர்க்கத்துக்கு எதிரானது என ஒரு தலைமுறைக் காலம் வாதிட்ட பின்னர், அதே எளிமையை அரசு ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டமைக்குக் கோட்பாட்டுத் தெளிவைக் காட்டிலும் மூலப்பொருட் பற்றாக்குறையே பெரிய காரணம்.

டிரபான்ற் மோட்டார் காரின் வரலாறு இதனைத் துலக்கமாகக் காட்டும். 1957 முதல் 1991 ஏப்ரல் வரை சுவிக்காவ் நகரில் ஏறத்தாழ 30 இலட்சம் கார்கள் செய்யப்பட்டன. உருக்குத் தகடு போதாமையால், பருத்திக் கழிவைப் பிசினோடு சேர்த்து அழுத்திய கலவையினால் அதன் உடல் ஆக்கப்பட்டது. அது துருப்பிடிக்காதது, திறமையான தீர்வு. ஆனால் அதே காரைப் பெறுவதற்கு மக்கள் பத்தாண்டுக்கு மேலும் காத்திருக்க நேர்ந்தது. புகை கக்கும் இரட்டை வீச்சுப் பொறி இறுதிக் காலம்வரை பெரிதும் மாற்றமின்றியே தொடர்ந்தது. புதிய மாதிரிகளை வடிவமைத்தோர் இருந்தனர். அவர்களது மாதிரிகளை மேலிடம் நிராகரித்தது. உற்பத்தியாளரும் நுகர்வோரும் தமது தேவையை வெளிப்படையாக விவாதிக்கும் களம் அங்கு இருக்கவில்லை. அயலவரே அயலவரைப் பற்றி இரகசியப் பொலிசாருக்கு அறிக்கை எழுதிய சமுதாயத்தில், ஒரு காரின் குறையைக் கூட்டாக ஆராய்வது எளிதான காரியமன்று. குவளையின் உறுதியும் காரின் தேக்கமும் ஒரே பொருளாதாரத்தின் இரு விளைவுகள். ஒன்றைக் கூறி மற்றதை மறைப்பவர் அப்பொருளாதாரத்தை விளங்கிக்கொள்ளவில்லை.

இந்நெருக்கடிக்குள்ளும் சிலர் தெளிவான கொள்கையோடு இயங்கினர். கார்ல் கிளௌஸ் டீற்றல் என்ற வடிவமைப்பாளர் 'திறந்த கோட்பாடு' எனத் தாம் அழைத்த கருத்தை முன்வைத்தார். ஒரு பொருளின் உறுப்புகள் ஒன்றையொன்று மூடிமறையாது வெளித்தெரிய அமைதல் வேண்டும். பழுதான உறுப்பைப் பயன்படுத்துவோரே மாற்றத்தக்கதாக இருத்தல் வேண்டும். காலத்தோடு பொருள் வளர இடமிருத்தல் வேண்டும். லுற்ஸ் றுடோல்ஃபுடன் சேர்ந்து அவர் வடிவமைத்த சிம்சன் சிறு மோட்டார் சைக்கிள் 1975இலும், அதன் அடுத்த மாதிரி 1980இலும் வெளிவந்தன. இவ்வண்டியை நாம் மீண்டும் சந்திக்க வேண்டியிருக்கும்.

1990 யூலை 1ஆம் நாள் நாணய ஒன்றிப்பு நிகழ்ந்தது. கிழக்கின் கடைகளிலிருந்து கிழக்கின் பொருள்கள் சில நாட்களுள் மறைந்தன. மக்களும் மேற்கின் பொருள்களையே விரும்பினர். அரச உடைமைகளைத் தனியாருக்கு மாற்றும் பொருட்டு நிறுவப்பட்ட நம்பிக்கைப் பொறுப்பகம் ஏறக்குறைய 8500 தொழில் நிறுவனங்களையும் அவற்றில் வேலைசெய்த 40 இலட்சம் தொழிலாளரையும் தனது பொறுப்பில் ஏற்றது. 1994இல் அது தனது பணியை முடித்தபோது அவ்வேலைகளுட் பெரும்பாலானவை இல்லை. ஒஸ்டல்கி இதன் பின்னரே எழுகிறது என்ற காலவரிசை முக்கியமானது. 1989இன் இலையுதிர்காலத்தில் வீதிக்கு வந்த அதே மக்கள்தாம் சில ஆண்டுகளின் பின் பழைய பானத்தையும் பழைய ஊறுகாயையும் தேடினர். தாம் செய்த பொருளே தமது கைவிட்டுப் போனதையும், தமது உழைப்பின் வரலாறு முழுவதும் பரிகசிக்கப்படுவதையும் கண்டவர்களின் எதிர்வினை அது. இதனை மறதி என்பது பொருந்தாது.

சந்தை இவ்வுணர்வைக் கண்டுகொள்ளத் தாமதிக்கவில்லை. பாதசாரிகளுக்கான வீதிச் சமிக்ஞை விளக்கின் உருவம் சிறந்த சான்று. போக்குவரத்து உளவியலாளரான கார்ல் பெக்லௌ 1961 ஒக்டோபர் 13ஆம் நாள் முன்மொழிந்த அவ்வுருவம், தொப்பியணிந்த குண்டு மனிதன். பருத்த உடல் கூடிய ஒளியை வெளிவிடும். அகல விரித்த கைகள் 'நில்' என்பதையும், எட்டிவைத்த கால் 'செல்' என்பதையும் சிறுவருக்கும் முதியோருக்கும் நிறவேறுபாடு அறியாதோருக்கும் உணர்த்தும். தொப்பி குட்டி பூர்ஷ்வா அடையாளமாகக் கருதப்பட்டு நிராகரிக்கப்படக்கூடும் எனப் பெக்லௌ அஞ்சினார் என்பர். மறு இணைப்பின் பின்னர் இவ்விளக்குகள் அகற்றப்பட்டு மேற்கின் உருவம் பொருத்தப்பட்டது. மேற்கு ஜேர்மனியரான மார்க்குஸ் ஹெக்ஹௌசன் என்னும் வடிவமைப்பாளர் 1996 முதல், கழிக்கப்பட்ட விளக்குக் கண்ணாடிகளைக் கொண்டு அலங்கார விளக்குகள் செய்யலானார். அகற்றலுக்கெதிராக மக்கள் இயக்கமொன்றும் எழுந்து வெற்றிபெற்றது. 2005 முதல் மேற்கு பேர்லினிலும் அம்மனிதன் நிற்கிறான். அவனுடைய உருவத்தைக் குவளையிலும் சாவிக்கோவையிலும் இனிப்பிலும் பதித்து விற்கும் கடைகளும் பெருகின. அவ்வுருவத்துக்கான வியாபாரக் குறி உரிமை பற்றி ஹெக்ஹௌசனின் நிறுவனத்துக்கும், அந்நாளில் சமிக்ஞை விளக்குகளை உண்மையாகவே உற்பத்தி செய்துவந்த சுவிக்காவ் தொழில் முயற்சிக்கும் இடையே எழுந்த வழக்கு 2006இல் லைப்சிக் நீதிமன்றை அடைந்தது. வீதி கடப்போரின் உயிர்காக்க எல்லோருக்குமாக வரையப்பட்ட சித்திரம் தனியுடைமையாகிய கதை இது.

வொல்ஃப்காங் பெக்கரின் 'குட் பை லெனின்' திரைப்படம் 2003இல் வெளிவந்தது. அதில், நினைவிழந்து கிடந்து கண்விழித்த தாய் அரசு மாறியதை அறிந்தால் அதிர்ச்சியுறுவாள் என அஞ்சும் மகன், அவளது அறைக்குள்ளே பழைய நாட்டை மீளக் கட்டுகிறான். அவள் கேட்ட ஷ்பிறேவால்ட் வெள்ளரிக்காய் ஊறுகாய் கடையில் இல்லை. குப்பையிலிருந்து எடுத்த பழைய போத்தலுக்குள் நெதர்லாந்தின் ஊறுகாயை நிரப்பிக் கொடுக்கிறான். அன்பினாற் செய்யப்பட்ட பொய். ஆனால் அதே 2003இலேயே ஜேர்மன் தொலைக்காட்சிகள் ஒன்றையொன்று போட்டியிட்டு ஒஸ்டல்கி நிகழ்ச்சிகளை ஒளிபரப்பின. படத்திலே மகன் தாய்க்காகச் செய்ததை அவை விளம்பர வருவாய்க்காகச் செய்தன. பழைய போத்தல், புதிய சரக்கு.

எந்த நினைவேக்கம் சாவிக்கோவையாகிறது, எது கட்டடமாகிறது என்பதும் வர்க்க, அரசியல் அதிகாரத்தோடு தொடர்புடைய வினா. பேர்லின் நகர மையத்திலிருந்த பிரஷ்ய மன்னர்களின் மாளிகை போரிற் சேதமடைய, எஞ்சிய பகுதியைக் கிழக்கு ஜேர்மனிய அரசு 1950இல் தகர்த்தது. அது ஒரு பண்பாட்டுத் தவறு என்பதில் ஐயமில்லை. அவ்விடத்தில் 1976இல் திறக்கப்பட்ட குடியரசு மாளிகை, பாராளுமன்றத்தோடு உணவகங்களையும் அரங்குகளையும் பந்துருட்டு விளையாட்டுக் கூடத்தையும் பொதுமக்களுக்கென உள்ளடக்கியிருந்தது. கல்நார் நச்சுக் காரணமாக 1990இல் மூடப்பட்டது. 2006 முதல் 2008 வரை படிப்படியாக இடிக்கப்பட்டது. மன்னர் மாளிகையின் முகப்புகளை மீளக் கட்டுவதற்கு ஜேர்மன் பாராளுமன்றம் 2002இல் இசைவளித்தது. 60 கோடி யூரோவுக்கு மேற்பட்ட செலவில் எழுந்த ஹம்போல்ட் மன்றம் 2021இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஸ்வெற்லானா பொய்ம் 2001இல் எழுதிய நூலில், இழந்ததை மீளக் கட்ட முனையும் நினைவேக்கத்தையும் இழப்பைச் சிந்தனைக்குரியதாக்கும் நினைவேக்கத்தையும் வேறுபடுத்தினார். பயனுள்ள பாகுபாடு. ஆனால் முதலாவது வகைக்கு அரசின் திறைசேரி திறந்திருக்க, இரண்டாவது வகை பழம்பொருட் சந்தையோடு நின்றுவிடுவது ஏன் என்ற வினா அவருடைய பாகுபாட்டுக்கு வெளியே நிற்கிறது. பிரஷ்ய அரண்மனைக்காக ஏங்கியோரை எவரும் நோயாளர் என அழைக்கவில்லை.

இவ்வினாவின் அவசரத்தைச் சிம்சன் வண்டி உணர்த்துகிறது. மறு இணைப்பு ஒப்பந்தத்தின் ஒரு விதியின்படி, அவ்வகைச் சிறு வண்டிகளுக்குப் பொதுவாக உள்ள 45 கிலோமீற்றர் வேக எல்லை பழைய சிம்சனுக்கு இல்லை; அது 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடலாம். இதனாலும், தாமே கழற்றிப் பூட்டித் திருத்தக்கூடியதாக இருப்பதாலும், அரசு மறைந்த பின் பிறந்த இளைஞர்கள் அதனை விரும்பி ஓட்டுகின்றனர். டீற்றலின் திறந்த கோட்பாடு அவர்கள் கைகளில் இன்றும் உயிருடன் இருக்கிறது. பேருந்துச் சேவை அருகிப்போன கிராமங்களில் அவ்வண்டி அவர்களுக்கு நடைமுறைத் தேவையும்கூட. 'ஜேர்மனிக்கான மாற்று' என்னும் தீவிர வலதுசாரிக் கட்சி இதனைக் கவனித்துக்கொண்டது. 2024இல் துரிங்கியா மாநிலத் தேர்தலின்போது அதன் தலைமை வேட்பாளர் சிம்சன் வண்டியோட்டிகளோடு ஊர்வலமாகச் சென்றார். செப்டெம்பர் 1ஆம் நாள் நடந்த அத்தேர்தலில் அக்கட்சி முதலிடம் பெற்றது. குவளையையும் வண்டியையும் கைத்தொழிலிழந்த ஊர்களின் மனத்தாங்கலையும் பற்றி இடதுசாரிகள் பேசத் தயங்கிய இடத்திலே, கிழக்கின் மானம் என்ற பெயரால் வலதுசாரிகள் பேசினர்.

சிம்சன் என்பது சூல் நகரில் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே தொழில் தொடங்கிய யூதக் குடும்பமொன்றின் பெயர். 1930களின் நடுப்பகுதியில் நாற்சிகள் அத்தொழிற்சாலையைப் பறித்தனர். குடும்பத்தினர் நாட்டை விட்டுத் தப்பியோடினர். போருக்குப் பின்னர் அது மக்கள் உடைமையாக்கப்பட்டது. பெயர் மட்டும் நிலைத்தது. 2024இல் அப்பெயர் பொறித்த பெற்றோல் தாங்கியின் மீது கைவைத்து அக்கட்சியினர் படமெடுத்துக்கொண்டபோது, கூடியிருந்த இளைஞர்களுள் எத்தனை பேர் அவ்வரலாற்றை அறிந்திருந்தனர் என்பது பாடசாலைகளிலே கேட்கப்படவேண்டிய கேள்வி.